எனக்கப்புறம் யார்?

அடையாறிலிருந்து தி.நகர் போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு தோழிகள் உட்கார்ந்திருந்தார்கள். "நான் செத்துட்டா என் கம்பெனிய நீ பாத்துக்கிறியாடி?" என்று ஒருத்தி கேட்டதும் நான் ஜன்னலிலிருந்து திரும்பினேன்.

மற்றவள் பதறினாள். "இன்னாடி பேச்சு இது, கலா? உனக்கு ஏது கம்பெனி?"

"இனிமேதான். சனி ஞாயிறுல படத்துக்கு சப்டைட்டில் எழுதுறேன்ல, இதுவரைக்கும் என் பேருலயே பில் போட்டேன். இப்ப வந்த கான்ட்ராக்ட்டுக்குக் கம்பெனியாதான் இருக்கணுமாம். ஒரே ஆள் கம்பெனி ஆரம்பிக்கலாம்னு ஆடிட்டர் சொல்றாரு. ஆனா எனக்கப்புறம் யாருன்னு இப்பவே ஒரு பேரு குடுக்கணுமாம்."

"உன் வீட்டுக்காரர் பேரக் குடு."

"அவரா? இதெல்லாம் ஒரு வேலையான்னு கேக்குற மனுஷன். மறுநாளே இழுத்து மூடிடுவாரு."

"கேட்டுப் பாத்தியா?"

நந்தனம் சிக்னலில் பேருந்து நின்றபோது கலா போனை எடுத்துக் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "இல்லங்க... சத்தியமா ஒண்ணுமில்லங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"கம்பெனியப் பத்தி ஒரு வார்த்த கேக்கலடி. டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா, எங்கிட்ட மறைக்கிறியான்னு கேக்குறாரு. இப்பவே கெளம்பி வரேன்றாரு."

கலா போனைப் பைக்குள் போட்டாள்.

"அவரு பேரையே குடுத்துடறேன்" என்றாள் கலா. "மூடுனா மூடிட்டுப் போறாரு."