கத்தாத பெட்டி

— அந்த வயரைத் தொங்கவிடாதே ஆரின். காருக்குள்ள பல்லி வால் மாதிரி ஆடிக்கிட்டிருந்தா எனக்கு ஆகாது.

— பொறு அக்கா. விஷயம் என்னன்னா, கண்ணாடி ஓரமா கூரைத் துணிக்குள்ள சொருகிட்டு வர்றேன். அப்படியே கதவோரத்து ரப்பருக்குள்ள இறக்கி, கீழ ஃபியூஸ்ல கொண்டுபோய்ச் சேர்த்துடுவேன். நீ டார்ச் அடிச்சுத் தேடினாலும் வயர் கண்ணுல படாது.

— எந்த ஃபியூஸ்ல? போன தடவை ரேடியோ மாட்டறேன்னு வந்து என் ஹாரனைக் கொன்னுட்டுப் போனே.

— ஹாரன் தானா செத்துச்சு. நான் பக்கத்துல இருந்தேன், அவ்வளவுதான். இது சாவியைத் திருப்பினா உயிர் வர்ற ஃபியூஸ்க்கா. வண்டியை நிறுத்தினா பெட்டியும் தூங்கிடும். பேட்டரி இறங்காது.

— ஏன் இவ்வளவு மேல வைக்கிறே? எனக்கு ரோடு தெரிய வேண்டாமா?

— பின்னாடி பார்க்கிற கண்ணாடிக்குக் கீழ, நட்ட நடுவுல, ரோட்டைப் பார்த்து நேரா இருக்கணும். சாய்ஞ்சுதுன்னா மரத்தையும் காக்காயையும்தான் பார்த்துக்கிட்டிருக்கும். வைப்பர் அதுக்கு முன்னாடி நிக்கக் கூடாது. கடை வச்ச நாள்லேருந்து மாட்டறேன்க்கா. இந்தக் கவுண்டியில பாதி வண்டியில நான் மாட்டின பெட்டிதான்.

— அதான் பாதிப்பேர் உன்னைத் தேடிக்கிட்டிருக்காங்களா?

— சிரி, சிரி. ஆமா, நானும் கேக்கணும்னு நினைச்சேன். எத்தனை வருஷம் உன்கிட்ட மல்லுக்கட்டினேன்? "வேகம் பார்க்கிற போலீஸ் ரேடாரைக் கண்டுபிடிக்கிற பெட்டியெல்லாம் திருட்டு முழி முழிக்கிறவன் வாங்கறது"ன்னு சொன்னது யாரு? போன ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல வச்சு, "டேய் ஆரின், இந்த வாரமே மாட்டிக் குடு"ன்னு சட்டையைப் பிடிக்கிறே.

— லைசென்ஸ் போயிடும்டா. பக்கத்துக் கவுண்டியில ரெண்டு ஃபைன், இங்க ஏப்ரல்ல ஒண்ணு. இன்னொண்ணு விழுந்துதுன்னா ஆறு மாசம் காரைத் தொடக் கூடாதாம். நான் என்ன, பியானோவையெல்லாம் என் வீட்டுக்குத் தூக்கிட்டு வாங்கன்னா சொல்ல முடியும்? பள்ளிக்கூடம், சர்ச்சு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடுங்க, எல்லாத்துக்கும் நான்தான் போய்ச் சுருதி சேர்க்கணும். நடந்தா போவேன்?

— மெதுவா போகலாம்ல?

— ரெண்டு பியானோவுக்கு நடுவுல நாப்பது மைலுடா. உருட்டிக்கிட்டா போறது?

— ஏப்ரல்ல ஃபைன் எழுதினது யாரு, அந்தப் போலீஸ்காரன் லோவெல்தானே?

— அவனேதான். எவ்வளவு மரியாதைங்கறே! தொப்பியைக் கழட்டி அக்குள்ல வச்சுக்கிட்டு, "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க"ன்னு சொல்லிக்கிட்டே எழுதினான். எழுதறதை நிறுத்தத்தான் இல்ல.

— தனிக்கட்டை. வீட்டுல ஒரு நாயைத் தவிர ஆள் கிடையாது. பொழுதன்னைக்கும் அந்தத் தீவனக் கடைப் பலகைக்குப் பின்னாடி போலீஸ் காரைப் போட்டு உட்கார்ந்தா வேற என்ன பண்ணுவான், உன்னை மாதிரி ஆளுங்களைப் பிடிச்சு எழுதுவான். இந்தா, முடிஞ்சுது. சாவியைத் திருப்பு.

— விளக்கு எரியுது. ஏதோ முனகுது.

— "நான் முழிச்சுட்டேன்"னு சொல்லுது.

— சுருதி கொஞ்சம் தூக்கலா இருக்கு.

— அக்கா, அது பியானோ இல்ல. உன் காதை வீட்டுலயே கழட்டி வச்சுட்டு வந்திருக்கலாம். இப்படி முனகினா சும்மா. இடைவெளி விட்டுக் கத்தினா தூரத்துல ரேடார் இருக்கு. விடாம அலறினா தலைக்கு மேல வந்துட்டான்னு அர்த்தம்.

— கத்தவே இல்லன்னா?

— ரேடார் இல்லன்னு அர்த்தம்.

— போலீஸ் இருப்பான், ரேடாரை மட்டும் அணைச்சு வச்சிருப்பான். அப்ப?

— அப்பவும் கத்தாது. அலை வந்தாத்தானே பெட்டிக்குத் தெரியும்? ஆனா எவன் அணைச்சு வைப்பான்? தூண்டிலைக் கரையில வச்சுட்டு மீன் பிடிக்க உட்காருவானா? அதுவும் லோவெல்! அவன் ரேடார் காலையில போட்டா வீட்டுக்குப் போறவரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். செவ்வாய்க்கிழமை என் பிக்கப்ல அந்தப் பக்கம் போனேன், அரை மைலுக்கு முன்னாடியே இந்தப் பெட்டியோட அண்ணன்காரன் ஊரையே கூட்டிட்டான்.

— நிச்சயமா சொல்றியா?

— என் கடை மேல ஆணை.

— உன் கடை மேல வேண்டாம், வேற ஏதாவது நல்லா ஓடறது மேல சத்தியம் பண்ணு. சரி, ஏறு. ஓட்டிப் பார்த்துடலாம்.

— இப்பவா? நாளைக்குப் பார்க்கலாம்க்கா. காபி போட்டுத் தர்றேன்னே. ஆப்பிள் பை சுட்டு வச்சிருக்கேன்னே.

— பை ஓடிப்போயிடாது. இன்னைக்கு வியாழக்கிழமை, எனக்கு அஞ்சு மணிக்குச் சர்ச்சுல கோயர் பாட்டு இருக்கு. நான் வாசிக்கலன்னா அவங்க ஆளுக்கொரு சுருதியில பாடுவாங்க. நீயும் கூட வா, திரும்பி வரும்போது இறக்கி விடறேன். பெல்ட்டைப் போடு.

— ஐயோ கத்துது! கத்துது பாரு! தெரு முனைக்கே வரல, அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டான்!

— எங்கடா போலீஸ்? மருந்துக்கடைதான் இருக்கு.

— ஓ. அதேதான். அந்தத் தானா திறக்கிற கதவு இருக்குல்ல, ஆள் வர்றாங்களான்னு பார்க்க அதுவும் இதே மாதிரி அலையைத்தான் விடும். பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. இந்தப் பொத்தானை அமுத்து, வாயை மூடிக்கும்.

— அட! நல்ல பொத்தானா இருக்கே. உனக்கும் அம்மா ஒண்ணு வச்சுப் பெத்திருக்கலாம்.

— ஏன்க்கா வலது பக்கம் திரும்பறே? பழைய மில் ரோட்டுல போ. அங்க போலீஸே நிக்கமாட்டான். லைசென்ஸ் நூல்ல தொங்குது, நீ நேரா லோவெல் மடியில கொண்டுபோய் விடறியே.

— மில் ரோட்டுல குழி.

— போன வருஷமே தார் போட்டாச்சு!

— பெட்டியைச் சோதிக்கத்தானே போறோம்? போலீஸ் இல்லாத ரோட்டுல எதைச் சோதிக்கிறது?

— அதுவும் சரிதான். ஆனா இங்க நாப்பத்தஞ்சு மைல்தான் சட்டம், தாண்டாதே. தீவனக் கடைக்கு அரை மைல் முன்னாடி கத்தும், கேட்டுக்கோ, அப்புறம் முப்பதுல ஊர்ந்து போய்த் தாண்டிடலாம்.

— எதிர்ல ஒரு லாரி வருது பாரு. லைட்டை ரெண்டு தடவை அடிச்சான்.

— நல்ல மனுஷன். முன்னாடி போலீஸ் உட்கார்ந்திருக்கான்னு சொல்லிட்டுப் போறான். அப்ப லோவெல் வந்தாச்சு. மெதுவா போ.

— பெட்டி கத்தலையே.

— இப்பக் கத்தும்.

— கத்தலையேடா.

— இரு... அந்தக் களஞ்சியம் தாண்டினதும் கத்தும். செவ்வாய்க்கிழமை அங்கதான் ஆரம்பிச்சுது.

— களஞ்சியம் தாண்டியாச்சு.

— என்னக்கா பண்றே? ஏன் ஆக்சிலரேட்டரை அமுத்தறே? அம்பது!

— நீதானே சொன்னே, கத்தலன்னா ரேடார் இல்லன்னு?

— லாரிக்காரன் லைட் அடிச்சானே! அம்பத்தஞ்சு... அக்கா, லைசென்ஸ்! பியானோ! யோசிச்சுப் பாரு!

— யோசிச்சுக்கிட்டுத்தான் அமுத்தறேன்.

— அறுபது! அதோ பலகை... அதோ அவன் கார் மூக்கு தெரியுது... போச்சு. எல்லாம் போச்சு. இனிமே உன்னை ஒவ்வொரு பியானோவுக்கும் நான்தான் கொண்டுபோய் இறக்கணும்.

— பின்னாடி வர்றானா பாரு.

— பார்க்கவே பயமா இருக்கு... வரலையே. விளக்குகூடப் போடல. தொப்பியைத் தொட்டான்க்கா. உன்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுட்டு அப்படியே உட்கார்ந்திருக்கான்.

— பெட்டி?

— செத்த எலி மாதிரி கிடக்கு. ஐயோ, இது எனக்குல்ல அவமானம்! அவன் கண்ணெதிர்ல, இருபதடி தூரத்துல, ஒரு சின்ன முனகல்கூட இல்லையே! இதே பெட்டியைப் பாதி ஊருக்கு மாட்டியிருக்கேன். தெரிஞ்சா கடையைக் கொளுத்திடுவாங்க... என்ன, ஏன் திரும்பறே? எங்க போறே?

— லோவெல்கிட்ட.

— பைத்தியமா உனக்கு? தப்பிச்சதே பெருசு!

— கேட்டுட்டு வந்துடலாம். நீ வாயை மூடிக்கிட்டு உட்காரு. இல்லன்னா பொத்தானைத் தேடுவேன்.

— கடவுளே, பக்கத்துலயே கொண்டுபோய் நிறுத்தறா. கண்ணாடியையும் இறக்கறா.

— சாயந்திர வணக்கம் லோவெல்.

— வாங்க கார்னெட். கோயருக்குங்களா? தம்பியையும் கூட்டிட்டுப் போறீங்க போல. நல்லதுங்க.

— நான் இப்ப எவ்வளவு வேகத்துல போனேன்?

— இப்பவுங்களா? அதுங்க... ஒரு நாப்பத்தஞ்சு இருக்குமுங்க.

— அறுபதுல போனேன்.

— அக்கா! சார், அக்காவுக்குக் காலையிலேருந்து தலைவலி. என்ன பேசறோம்னே தெரியல.

— கண்ணுக்கு அப்படித் தெரியலீங்க கார்னெட். மெதுவாத்தான் வந்தீங்க.

— கண்ணை விடுங்க. ரேடார் என்ன சொல்லுச்சு?

— ரேடாருங்களா? அது வந்துங்க... ரிப்பேருங்க.

— ரிப்பேரா? சார், நிஜமாவா? ரிப்பேரா? அக்கா, கேட்டியா! நம்ம பெட்டி மேல தப்பே இல்ல! எப்பலேருந்து சார்?

— இருக்குமுங்க தம்பி, ஒரு மாசமா. அனுப்பச் சொல்லியிருக்கேன். ஆபீஸ்ல ஆள் கிடைக்கலைன்னாங்க.

— ஒரு மாசமாவா? ஆனா சார், செவ்வாய்க்கிழமை நான் இந்தப் பக்கம் வந்தேன், அப்ப...

— ஆரின்.

— இல்லக்கா, விஷயம் என்னன்னா...

— வழியை விட்டுத் தள்ளி நில்லுங்க கார்னெட், பின்னாடி ஒரு பிக்கப் பறந்துட்டு வருது. யாருங்க இது, ஃபெர்ரிஸ் வீட்டு மாப்பிள்ளையா? ஏய், என்ன வேகம்டா இது! இருடா உன்னை...

— அம்மாடி! காதே கிழியுது! அக்கா, பெட்டி! பெட்டி கத்துது! விளக்கெல்லாம் எரியுது! உயிரோட இருக்கு, நல்லா இருக்கு, என் தங்கம்! சார், நீங்க எதையோ தட்டினீங்களே, அதைத் தட்டினதும்தான் கத்துச்சு. அது ரேடார்தானே? ரிப்பேர்னீங்களே?

— பழக்கத்துல கை போயிருச்சுங்க தம்பி.

— அப்ப வேலை செய்யுது!

— செய்யுதுங்க.

— உங்க ரேடார்ல எழுபத்தெட்டுன்னு எண் தெரியுது சார்! பிடிக்கப் போகலையா? கண்ணுக்கு மறைஞ்சே போயிட்டான்.

— எங்க போயிருவாப்ல? மாமனார் வீட்டுலதான் சாப்பாடு. அங்கேயே போய் எழுதிக்கறேன்.

— பொத்தானை அமுத்துடா ஆரின், பேச்சே கேக்கல. ம். இப்பச் சொல்லுங்க லோவெல்.

— என்னத்தைச் சொல்லச் சொல்றீங்க கார்னெட்... தம்பி வேற இருக்காப்ல.

— தம்பி இருக்கட்டும். அவனுக்கும் தெரியணும், இல்லன்னா ராத்திரி தூங்கமாட்டான்.

— அதுங்க... ரேடார்ல ஒரு எண் விழுந்துட்டா நான் எழுதித்தான் ஆகணும். மனசுல என்ன இருந்தாலும் எழுதித்தான் ஆகணுமுங்க. ஏப்ரல்ல உங்களுக்கு எழுதினப்புறம், இன்னொண்ணு விழுந்தா லைசென்ஸ் போயிரும்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. சர்ச்சு, பள்ளிக்கூடம், அத்தனை ஊரு பியானோவும் கெட்டுப் போயிருமுங்களே. அதான்... வியாழக்கிழமை நாலு மணி ஆச்சுன்னா அணைச்சிருவேன். நீங்க தாண்டிப் போனப்புறம் போட்டுக்குவேன். எண்ணே விழலைன்னா எழுத வேண்டியதில்லை பாருங்க.

— சார்... நாலு மணியிலேருந்து அக்கா போறவரைக்கும் யாரு எப்படிப் போனாலும் விட்டுடுவீங்களா?

— விட்டிருவேன் தம்பி. வெளியில சொல்லிராதீங்க.

— சொன்னா என் கடையில ஒரு பெட்டி விக்காது சார். வியாழக்கிழமை நாலு மணிக்கு எல்லாரும் இங்க ரேஸ் விட வந்துடுவாங்க!

— ஆனா இனிமே அந்தக் கவலை இல்லீங்க கார்னெட். கண்ணாடியில மாட்டியிருக்கறதைப் பார்த்தேன். நல்லா வேலை செய்யுது. அரை மைலுக்கு முன்னாடியே சொல்லிரும், நீங்களும் மெதுவா வந்துருவீங்க. நானும் பயப்படாம ரேடாரைப் போட்டுட்டே இருக்கலாம். நல்லதுங்க. நல்ல காரியம் பண்ணுனீங்க, லைசென்ஸைக் காப்பாத்திக்கிட்டீங்க.

— லைசென்ஸுக்காக இதை மாட்டல லோவெல். ஒரு மாசமா அறுபதுல போறேன், நீங்க தொப்பியை மட்டும் தொடறீங்க. நீங்க வேலை நேரத்துல தூங்கறீங்களா, இல்ல எனக்காகத்தான் அணைக்கறீங்களான்னு தெரிஞ்சுக்க எனக்கு வேற வழி தெரியல.