சுவரோரம் ஒரு பாஸ் பெட்டி

பஞ்சு நல்லதாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி, ஐயா. குஷனுக்கும் அப்படித்தான், ஸ்பீக்கருக்கும் அப்படித்தான். நான் சோபா தைத்துப் பிழைக்கிறவள். மிச்சமாகிற பஞ்சை என்ன செய்வது என்று யோசித்துத்தான் கனத்த அடிச்சத்தத்துக்கான அந்த பாஸ் ஸ்பீக்கர் பெட்டியையே ஆரம்பித்தேன். உங்கள் போலீஸ்காரர் ஒருவர் அதை முக்கி முனகித் தூக்கி வந்தாரே, இடுப்பு தேவலையா அவருக்கு?

வெளியே பார்க்க ஒல்லியான அலமாரி. உள்ளே பலகை அடித்து, நீளமான ஒரு சுரங்கத்தை மடித்து மடித்து வைத்திருக்கிறேன். ஸ்பீக்கரின் முதுகுப்புறச் சத்தம் அந்தப் பஞ்சுப் பாதையில் நடந்து, கீழே வாய் வழியாக வெளியே வரும்போது தரை கும்மென்று அதிரும். டிரான்ஸ்மிஷன் லைன் என்பார்கள். கூடவே கிராஸ்ஓவர். நானே சுற்றிய கம்பிச் சுருளும் ஒரு கப்பாசிட்டரும், அவ்வளவுதான். தனியாகக் கரண்ட் கேட்காது. கனத்த சத்தத்தை விடும், கீச்சென்ற மேல்சத்தத்தை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். "அக்கா, கோச்சுக்காதீங்க. நீங்க பாட்டு போட்டா எங்க வீட்டு டம்ளரெல்லாம் நடக்குது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தங்கமான பெண். அன்றோடு பாட்டை நிறுத்தினேன். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கொடுப்பது என் பழக்கமில்லை.

ஆனால் பாடுபட்டுச் செய்த பெட்டி சும்மா கிடக்கலாமா? ஸ்பீக்கரைத் திருப்பி இணைத்தால் அதுவே மைக். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் பழைய தண்ணீர்க் குழாய் போன ஓட்டை ஒன்று இருந்தது. அதன் பூச்சைச் சுரண்டி, பெட்டியின் வாயை அங்கே ஒட்டி வைத்தேன். காதில் ஹெட்போன். சின்னஞ்சிறுசுகள், ஒரு அவசரம் என்றால் ஓடிப்போக ஆள் வேண்டாமா?

அவள் புருஷன் குரல் அண்டாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வந்தது. "அம்மாவுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வீடு? வித்துடலாம்." பிறகு மௌனம். "அட, அழாதே. வித்துட்டா எல்லாம் சரியாயிடும்." மறுபடி மௌனம். அவள் குரல் மட்டும் வரவேயில்லை, கீச்சுக் குரல், சுருள் தடுத்துவிட்டது. பரவாயில்லை. ஒரு மருமகள் என்ன சொல்லி அழுவாள் என்று எனக்குத் தெரியாதா? அந்த இடங்களை நானே அடைத்தேன், குஷனுக்கு அடைப்பதுபோல, பள்ளம் தெரியாமல்.

அவள் மாமியார் மகனைப் பார்க்க வந்த அன்று மாடிப்படியிலேயே பிடித்து உட்காரவைத்தேன். "உங்க மருமக அழுது அழுது உங்க வீட்டை விக்கச் சொல்றா. பையன் பாவம், என்ன செய்வான்?"

"நீ கேட்டியா?"

"என் ரெண்டு காதால கேட்டேன்."

அன்றே மருமகள் துணிப்பெட்டியோடு தெருவில் நின்றாள். மகன் வாயைத் திறக்கவில்லை. அவள் கைக்குப் போகக்கூடாது என்று அந்த அம்மா வீட்டை மகன் பேருக்கே எழுதிக் கொடுத்தார். அவன் அதை விற்றான். அம்மா இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பார்த்துவிட்டு வந்தேன். நல்ல காற்றோட்டம். நாற்காலிகள்தான் படுமோசம், இனாமாகவே தைத்துத் தருகிறேன் என்றிருக்கிறேன்.

அந்தப் பெண் உங்களிடம் சொன்னாளாமே, விற்க வேண்டாம் என்றுதான் தினமும் அழுதேன் என்று. சுருளைக் கழற்றிக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கழற்றினேன், ஐயா. மாமியார் வருவதற்கு முந்தின நாள்தான். ஒரு வாய் காபி குடிக்கிற நேரத்து வேலை. அவள் குரல் கணீரென்று வந்தது. "விக்காதீங்க. அத்தை எங்க போவாங்க? கெஞ்சிக் கேக்கறேன்." முழுசாகக் கேட்டேன்.

அவ்வளவு நல்ல மருமகள் எந்த வீட்டில் இருக்கிறாள், சொல்லுங்கள்? பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று, சுருளைத் திரும்ப மாட்டிவிட்டேன்.