முத்திரை சரியாக இருந்தது

"எங்க அண்ணனை விட்டுடுங்க" என்று மட்டும் எங்கேயும் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் என்னை வேலைக்கே எடுத்தார்கள். நியாயமான நிபந்தனைதான். அணு ஆயுதங்களை ஒழிப்பது பற்றி இரண்டு நாடுகள் பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவில் ஒரு லாரி டிரைவரின் கதையை எடுத்தால் நன்றாகவா இருக்கும்.

அண்ணன் பனிமூட்டத்தில் பாதை தவறி எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். உளவாளி என்று தூக்குத் தண்டனை கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. என் படிப்பு முழுக்க அவன் ஓட்டிய லாரிதான். அணு இயற்பியல் படித்து, இரு நாட்டுக் கூட்டு ஆய்வுக் குழுவில் சேர்ந்தேன். எங்கள் குழுத் தலைவரிடம் அண்ணன் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "பேச்சுவார்த்தை கெட்டுடும்மா, கொஞ்சம் பொறு" என்பார். தூக்குக்குத் தேதி குறித்த பிறகும் அதையேதான் சொன்னார். அவருக்கு அப்பா அதிகாரி, தாத்தா அதிகாரி. பொறுமை அவர்கள் வீட்டில் பரம்பரைச் சொத்து. எங்களுக்கு லாரி, அதுவும் தவணையில்.

குண்டு செய்யும் உலோகம் வைத்திருக்கும் அறைக் கதவில் கம்பி கோத்து ஒரு செம்பு முத்திரை மாட்டியிருக்கும். உள்பக்கம் ஊசியால் கீறியிருப்போம். ஒரு கீறல் போல இன்னொன்று வராது. அடுத்த முறை போகும்போது அதை அறுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும். பொருந்தினால் கதவை யாரும் திறக்கவில்லை என்று பொருள். பார்த்தவர்தான் கையெழுத்திட வேண்டும். தவறு என்றால் அவரேதான் திரும்பப் பெற வேண்டும். குழுத் தலைவருக்குக்கூட அந்த உரிமை கிடையாது. மேலிருந்து யாரும் நெருக்கக் கூடாது என்று இரண்டு நாடுகளும் சேர்ந்து வைத்த விதி.

அந்தப் பக்கத்தில் நடந்த கடைசி ஆய்வில் கீறல் பொருந்தவில்லை. கூட வந்திருந்த அவர்கள் நாட்டு அதிகாரிக்கு அந்தக் குளிர் அறையிலும் வேர்த்தது.

"எவ்வளவு எடுத்தீங்க?"

"கொஞ்சந்தான் மேடம்."

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், படித்ததே அதைத்தானே. ஒரு நகரத்துக்குப் போதும்.

அப்போதுதான் கேட்டேன், கேட்கக் கூடாததை. அவர் முதலில் சிரித்தார். பிறகு வெளியே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தார்.

"ஒப்பந்தம் முடியற அன்னைக்குக் காலையில எல்லைப் பாலத்துல விட்டுடுவாங்க. அதுவரைக்கும் நீங்க பேச்சு மாறக் கூடாது."

முத்திரை சரியாக இருந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நாளைக்குத்தான் அந்தக் காலை. இன்று தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

"படத்தை நானும் பார்த்தேன்மா. கீறல் வேற."

"முத்திரை சரியாத்தான் இருந்துச்சு சார்."

"நாளைக்கு நம்ம ஆயுதத்தையெல்லாம் உடைக்கப் போறாங்க. அவங்ககிட்ட இருக்கும், நம்மகிட்ட இருக்காது. நீ ஒருத்திதான் நிறுத்த முடியும். உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"நானும் உங்க காலைப் பிடிச்சேனே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எத்தனை லட்சம் உயிர்ம்மா" என்றார்.

இதை நான் யோசிக்காமல் இல்லை. குண்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் போட்டுவிடுவதில்லை. தூக்கு அப்படியில்லை, தேதி குறித்தால் போட்டுவிடுவார்கள். படித்தவள் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அம்மாவையும் அண்ணியையும் நேற்றே மலைப்பக்கம் ஒரு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அண்ணனையும் பாலத்திலிருந்து நேரே அங்கேதான் கூட்டிப்போக வேண்டும். தெருவில் கேட்டவர்களிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, காற்று மாற்றம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவர்களை வீணாகப் பயமுறுத்துவானேன்.

எழுந்தேன். கதவருகே போனதும் மனசு கேட்கவில்லை.

"உங்க பொண்ணு இந்த ஊர்லதானே சார் இருக்கா? கொஞ்ச காலம் வேற எங்கயாவது தூரமா இருக்கச் சொல்லுங்க."

சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. இருந்தாலும் மற்றவர் வீட்டுப் பிள்ளை என்று விட்டுவிட முடியுமா. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, விடிவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று பாலத்துக்குக் கிளம்பினேன்.