கடன் கிடைக்காத ஊர்

ஸ்டேஷன் காபி பரவாயில்லை, இன்ஸ்பெக்டர் சார். எங்க காலேஜ் காபியைக் குடிச்சவனுக்கு இது அமிர்தம்.

தெக்கூருக்கு மட்டும் கிணத்துக் கடன் ஏன் நின்னுச்சுன்னு கேக்குறீங்க. சொல்றேன். நான் வணிகவியல் பேராசிரியர். கிராமத்துக் கடன்தான் என் ஆராய்ச்சி. கடன் குடுத்தா விளைச்சல் கூடும்னு ஆளாளுக்குச் சொல்லுவான், நிரூபிச்சவன் யாரு? அதுக்கு ரெண்டு ஊர் வேணும். ஒண்ணுக்குக் கடன் கிடைக்கணும், இன்னொண்ணுக்குக் கிடைக்கக்கூடாது. அகரத்துக்குக் கிழக்க வடக்கூரும் தெக்கூரும் அப்படி வாகா அமைஞ்சது. ஒரே மண்ணு, ஒரே மழை, ரெண்டுலயும் சின்ன வெங்காயம். அம்பத்தெட்டுல ஆரம்பிச்சேன்.

மூணாம் வருஷம் மழை ஏமாத்திருச்சு. தெக்கூர்க்காரங்களும் கடன் கேட்டுக் கூட்டுறவு சங்கத்துக்குப் போயிட்டாங்க. எனக்கு எரிச்சல்னா எரிச்சல். சங்கத்துக்கு யோசனை சொல்றவனே நான்தான். 'அந்த ஊரு வாங்குனா திருப்பிக் கட்டாது'ன்னேன். பொய்தான். நயா பைசா பாக்கி வைக்காத சனம் அது.

தெக்கூர்ச் சடையாண்டி மட்டும் விடல. காலேஜுக்கே வந்துட்டான்.

"அய்யா, வெங்காயம் வாடுது. ஆளு வச்சுக் கிணத்தை ஆழப்படுத்தக் காசில்ல. நானேதான் இறங்கணும். பக்கமெல்லாம் பொலபொலன்னு உதிருதுய்யா. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் குடுப்பாக."

தங்கமான மனுஷன். ஊருக்குப் போறப்பல்லாம் இளநி வெட்டிக் குடுப்பான். என் கைக்காசைக் குடுத்திருக்கலாம், சட்டைப்பையில இருந்துச்சு. குடுத்தா தெக்கூரும் கடன் கிடைச்ச ஊராயிடும், உழைச்ச உழைப்பெல்லாம் வீண். "அடுத்த வருஷம் பாப்போம், அப்பு"ன்னு முதுகுல தட்டி அனுப்பிட்டேன்.

அவனே இறங்கினான். மண்ணு சரிஞ்சு மூடிருச்சு. மேல கயிறு பிடிச்சது அவன் பொஞ்சாதி பேச்சாயி.

வருத்தமில்லாம இருக்குமா சார். ஆராய்ச்சி பாதியில நிக்கிறப்ப ஒரு குடும்பம் கழண்டா கணக்கே ஆடிப்போகும். அதனாலதான் காரியம் முடிஞ்ச மறுநாளே போனேன். பேச்சாயி மூலையில சுருண்டு கிடந்தா. எல்லா வீட்டுலயும் கேக்குற கேள்வியைத்தான் கேட்டேன்.

"கிணத்துக்குக் கடன் குடுத்தா வாங்கிக்கிறியாம்மா?"

"இனிமே எனக்கு எதுக்குய்யா கிணறு?"

தெக்கூர்ல கடனுக்குத் தேவை குறைஞ்சிருக்குன்னு எழுதிக்கிட்டேன். என் சொந்த அபிப்பிராயம் எதையும் அதுல கலக்கல சார். அவ சொன்னதுதான்.