முதல் கோடு நனைந்தபடி

மாலை ஆறேகால் மணி. ஆற்றோரச் சாலை. ஓர் ஆள் இல்லை, ஒரு சைக்கிள் மணிச் சத்தம் இல்லை... எங்கள் பின்கதவுக்கும் ஆற்றுக்கும் நடுவே அந்தச் சாலையும் கொஞ்சம் படிகளும்தான். கடைசிப் படியில் நின்றிருந்தேன்.

இதைத் தோழியின் அக்காவுக்கு நடந்ததாகத்தான் இதுவரை சொல்லி வந்தேன். கிட்ட வந்து உட்காருங்கள். எனக்குத்தான் நடந்தது.

என் கணவர் நில அளவையாளர். ஞாயிறு தவறாமல் மோட்டார் லாஞ்சு ஏறி ஆற்றிலுள்ள ஏதாவதொரு தீவுக்குப் போவோம். கடைசி லாஞ்சு நான்கு மணிக்கு. ஒரு தீவிலாவது நின்று பொழுது சாய்வதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகத்தான் சொந்தமாக ஒரு படகு.

ஏழு பட்டறை ஏறி இறங்கினோம். எட்டாவது இடத்தில், விற்பவர் படகுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். வெயிலிலும் சட்டைக்குமேல் சட்டை.

"எறங்கி வாங்க, பேசலாம்."

"இங்கேயே சௌகரியமா இருக்கு. நீங்க ஏறுங்க."

பழைய படகு, புதுத் தார் வாசனை. வெளிப்பக்கம் கீழிருந்து மேலாக மூன்று வெள்ளைக் கோடுகள். ஒருவர் ஏறினால் முதல் கோடு நனையும், இருவருக்கு இரண்டாவது, மூவருக்கு மூன்றாவது. இவர் ஏறி அவரோடு ஒரு சுற்று போய்வந்தார். மூன்றாவது கோடு நனைந்திருந்தது.

"ரெண்டு பேர்தானே இருக்கீங்க?" என்றேன்.

"ஆள் கனம்டி," என்று காதில் கிசுகிசுத்தார் இவர். "வீட்ல நல்லா கவனிக்கிறாங்க போல. எனக்கு ஏது அந்தக் குடுப்பினை!"

பணம் கைமாறியதும்தான் விற்றவர் இறங்கினார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

படகை முதலில் காலியாகத் தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டுமாம். ஊர் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவருக்கு அது தோன்றவில்லை. வீட்டுக்கு ஓட்டிவந்து, கட்டிவிட்டு இறங்கியபிறகுதான் பார்த்தோம். காலிப் படகு. முதல் கோடு நனைந்திருந்தது.

"கட்டை தண்ணி குடிச்சிருக்கும்," என்றார்.

"காய வச்சிட்டு அப்புறம் போங்களேன்."

"நாளைக்கு ஞாயிறுடி. இருட்டறதுக்குள்ள வந்துடறேன்."

"அப்ப நானும் வர்றேன்."

"வேண்டாம். நாம ரெண்டு பேர் ஏறினா மூணாவது கோடு நனையும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மறுநாள் ஆறேகாலுக்குப் படகு கண்ணில் பட்டது. துடுப்புப் போடுகிறவர் கரைக்கு முதுகைத்தான் காட்டி வருவார். இவருடைய நீலச் சட்டை. எதிர்ப் பலகை காலி. க்ளக்... க்ளக்... இவர் தலை இரண்டு முறை ஆடியது. யாரோ சொல்வதற்கு ஆமாம் போடுவதுபோல.

லாஞ்சுத் துறையின் தூண்களுக்குப் பின்னால் படகு மறைந்தது. துடுப்புச் சத்தம் நின்றது. கடைசித் தூணைத் தாண்டி வெளியே வந்தபோது... உள்ளே யாரும் இல்லை. யாரும் விழுந்த சத்தம் கேட்கவில்லை. துடுப்புகள் ஒழுங்காக உள்ளே எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

நீரோட்டத்துக்கு எதிராக நேரே வந்து படியில் முட்டியது. அழுகிய பாசி நாற்றம். குனிந்து பார்த்தேன். இரண்டாவது கோடு நனைந்திருந்தது.

அப்படியென்றால் இவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். அந்த நொடி எனக்குப் பயம் வரவில்லை. "போதும்... எறங்கி வாங்க," என்றேன்.

படகு ஆடியது. இரண்டாவது கோடு மெல்லத் தண்ணீருக்கு மேலே வந்தது. என் தோளை ஒட்டிச் சில்லென்று ஏதோ கடந்தது. படிகளில் ஈரக்கால் வைக்கும் சத்தம்... சாலையைத் தாண்டியது. பின்கதவு திறந்தது.

வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அந்தப் படகு இனி ஒரு நொடிகூட என் படியில் நிற்கக் கூடாது என்று கயிற்றைக்கூடக் கட்டாமல் காலால் உந்தித் தள்ளினேன். முதல் கோடு நனைந்தபடியே அது இருட்டுக்குள் போயிற்று. பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. இவர் உடலும் கிடைக்கவில்லை.

உள்ளே போனேன். விளக்குப் போடவில்லை. சமையலறையில் நடமாட்டம். இருபத்திரண்டு வருடம் இவர் தண்ணீர் எடுத்துக் குடித்த வீடு. கண்ணை மூடிக்கொண்டு டம்ளரை எடுப்பார்.

"என்னங்க?" என்றேன்.

அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எது எங்கே இருக்கிறதென்று யாரோ தேடிக்கொண்டிருந்தார்கள்.