டூலி மேட்டில் காயப்போட்ட துணி

டூலி மேடு பொன்வயல், காவல் கூடாரம். 1897 பிப்ரவரி 16, செவ்வாய்க்கிழமை.

கெசாயா ட்ரெம்பாத், வயது பதினைந்து, தகப்பனார் ஜேபஸ் ட்ரெம்பாத், பிறந்த ஊர் தென் ஆஸ்திரேலியாவில் மூண்டா, தற்போது வசிப்பது டூலி மேட்டின் மேற்குச் சரிவில் உள்ள கூடாரம், மெதடிஸ்ட் சபை, தொழில் ஏதுமில்லை, தகப்பனுக்குச் சமைத்துப்போட வந்தவர். டென்னிஸ் ஹாலரன் என்பவர் மேற்படி சரிவில் நில எல்லை குறித்து அடித்த நான்கு முளைகளைப் பிடுங்கி எரித்ததாக ஹாலரன் கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டார். கேட்ட கேள்வி எதற்கும் வாய் திறக்கவில்லை. எழுதத் தெரியுமா என்றதற்குத் தலையசைத்ததால் தாளும் பேனாவும் கொடுக்கப்பட்டன. இதற்குக் கீழே உள்ளது அவர் தன் கையால் எழுதியது. எட்வின் விட்டேகர், கான்ஸ்டபிள்.

மேலே உள்ளதைக் கான்ஸ்டபிள் எழுதினார். நடந்ததை நடந்த வரிசையில் எழுது, ஹாலரனைத் திட்டி எழுதாதே, அழுது தாளை நனைக்காதே என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய் ஒரு பீப்பாயின் மேல் உட்கார்ந்திருக்கிறார். நான் அழவில்லை. ஆட்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு வராது, அவ்வளவுதான். மூண்டா பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள், நான் எழுந்து நிற்பேன், நின்றுகொண்டே இருப்பேன். அம்மாவுக்குக் கடைசித் தம்பி பிறந்தபோது அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தை விட்டேன். எழுத்து மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

நானும் அப்பாவும் போன குளிர்காலத்தில் இந்த மேட்டுக்கு வந்தோம். அம்மாவும் தம்பிகளும் மூண்டாவில் இருக்கிறார்கள். இங்கே எங்களுக்கு உள்ளது ஒரு கூடாரம், மேற்குச் சரிவில் முளையடித்து வாங்கிய ஒரு துண்டு நிலம், மண்ணிலிருந்து பொன்னைப் பிரிக்க அப்பா தன் கையால் செய்த ஒரு துருத்திப் பெட்டி. ஜனவரிக் கடைசியில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் படுத்தபடியே வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், மூன்றாம் நாள் தம்பிகளின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அதன் பிறகு திருமதி பாஸ்கோ வந்து பார்த்து, இது டைபாய்டு என்று சொல்லிச் சாமான் வண்டிக்காரரைப் பிடித்து அப்பாவைக் கூல்கார்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். திருமதி பாஸ்கோ உப்புத் தண்ணீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துக் குடிதண்ணீராக விற்பவர். என்னையும் வண்டியில் ஏறச் சொன்னார்.

அப்போது அப்பாவுக்குப் புத்தி தெளிவாக இருந்தது. திருமதி பாஸ்கோ பக்கத்தில் நிற்கும்போதே அவர் என்னிடம் சொன்னது இது.

"கெஸ்ஸி, நீ வராத. சுரங்கச் சீட்டு என் பேர்ல இருக்கட்டும், கை உன்னோடதா இருக்கட்டும். பெட்டி நிக்கக் கூடாது."

"உளறாத ஜேபஸ்," என்றார் திருமதி பாஸ்கோ. "யாராச்சும் எதிர்ல வந்தாலே தொப்பிக்குள்ள புகுந்துக்குறவ இவ."

"பெட்டிகிட்ட யாரும் பேச வேண்டியதில்லயே," என்றார் அப்பா.

பெட்டி ஏன் நிற்கக் கூடாது என்பது இந்த மேட்டில் எல்லாருக்கும் தெரியும். முளையடித்த நிலத்தில் தொடர்ந்து வேலை நடக்க வேண்டும், சும்மா கிடந்தால் அடுத்தவன் வந்து தன் முளையை அடித்துக்கொள்ளலாம், அது திருட்டு ஆகாது. அப்பா திரும்பி வரும்போது நிலம் இல்லையென்றால் நாங்கள் மூண்டாவுக்குத் திரும்பிப் போகக்கூட வழியில்லை.

வண்டி போன பிறகு நான் பெட்டியின் முன்னால் போய் நின்றேன். மேலே மண் கொட்டும் தகரத் தொட்டி, அதன் கீழே ஆடும் சல்லடை, அதற்கும் கீழே துணி விரித்துக் குறுக்குச் சட்டம் அடித்த சரிவுத் தட்டு, தட்டுக்கு அடியில் துருத்தி. ஒரே கைப்பிடியை ஆட்டினால் சல்லடையும் ஆடும், துருத்தியும் ஊதும். மண் புழுதியாகப் பறந்துபோகும், பொன் கனமானது என்பதால் சட்டங்களுக்குப் பின்னால் தங்கும். தண்ணீர் இருக்கும் ஊரில் கழுவி எடுப்பதை நாங்கள் காற்றால் தூற்றி எடுக்கிறோம். அப்பா ஆட்டுவார், நான் மண் போடுவேன், அப்படித்தான் இத்தனை நாளும் நடந்தது. இப்போது போடுவதும் ஆட்டுவதும் ஒரே ஆள்.

எங்கள் துண்டைத் தாண்டித்தான் மேட்டு ஆட்கள் வேலைக்குப் போக வேண்டும். முதல் நாள் காலையில் கைப்பிடியைப் பிடித்ததும் மூன்று பேர் நின்று பார்த்தார்கள். ஒருவர், "பாருடா, எலிக்குட்டி சாரட்டு ஓட்டுது" என்றார். என் கை நின்றுவிட்டது. அவர்கள் போகும்வரை நான் சல்லடையைத் துடைப்பதுபோல் குனிந்திருந்தேன். அதன் பிறகு சாக்குகளைப் பிரித்துத் தைத்து, பழைய கூடாரத் துணி ஒன்றையும் சேர்த்து, பெட்டியைச் சுற்றி வழிப்பக்கம் தெரியாதபடி மூன்று பக்கமும் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். சரிவின் பக்கம் மட்டும் திறந்திருந்தது. உள்ளே புழுதி அடைந்து மூச்சு முட்டும், வாயில் துணி கட்டிக்கொள்வேன். ஆனாலும் உள்ளே யாரும் என்னைப் பார்க்கவில்லை, அதனால் என் கை நிற்கவில்லை.

முதல் நாள் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பா ஆட்டியதைவிட வேகமாக ஆட்டினேன், புழுதி நன்றாகப் பறந்தது, அதுவே வேலை என்று நினைத்தேன். மறுநாள் கழிவு மண்ணைத் தள்ளும்போது அதில் ஒரு மினுக்கம் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். பொன்னையும் சேர்த்து ஊதியிருக்கிறேன். அந்தக் குவியல் முழுவதையும் திரும்பத் தொட்டியில் வாரிப்போட வேண்டியிருந்தது. கடைசித் தம்பிக்குக் கஞ்சி ஆற்றும்போது பலமாக ஊதினால் கஞ்சி அவன் முகத்தில் தெறிக்கும், மெல்ல ஊதினால் ஆறாது, நடுவில் ஓர் ஊதல் இருக்கிறது. கைப்பிடியை அந்த ஊதலுக்குக் கொண்டுவந்தேன். அன்று சாயங்காலம் சட்டங்களுக்குப் பின்னால் இருந்ததை வழித்துத் தகரத் தட்டில் போட்டு, வாயால் ஊதிப் பார்த்தபோது, தட்டின் ஓரத்தில் பொன் துகள் மஞ்சளாக ஒரு வால்போல் நின்றது. அப்பா எடுத்த வால்களை நான் பார்த்திருக்கிறேன். இது அவற்றில் பலவற்றைவிட நீளம்.

அதன் பிறகு ஒரு நாள் துருத்தியின் தோல் வெடித்துக் காற்று பக்கவாட்டில் போயிற்று. தோலுக்கு எங்கே போவது? என் வலது பூட்ஸின் நாக்கை அறுத்து வைத்துத் தைத்தேன், ஆட்டுக் கொழுப்பைத் தடவினேன். அது இன்னும் காற்றை விடவில்லை. கான்ஸ்டபிள் பார்க்க விரும்பினால் பெட்டியையும் பார்க்கலாம், பூட்ஸையும் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேலை செய்யவில்லை, மேட்டில் யாரும் செய்வதில்லை. மற்ற நாளெல்லாம் செய்தேன்.

நேற்றுத் திங்கட்கிழமை காலையில் திருமதி பாஸ்கோவிடம் தண்ணீர்ப் பையை நிரப்பிக்கொண்டு திரும்பியபோது, எங்கள் நிலத்தின் நான்கு மூலைகளிலும் புது முளைகள் நின்றன. டென்னிஸ் ஹாலரன் நடுவில் நின்று சுத்தியலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய துண்டு கிழக்குச் சரிவில் இருக்கிறது, அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்று எல்லாரும் சொல்வார்கள்.

"வா பாப்பா," என்றார். "அப்பன் சௌக்கியமா? இந்த நெலம் சும்மா கெடக்கேன்னு நான் எடுத்துக்கிட்டேன். கூடாரத்தப் பிரிக்க அவசரமில்ல, நாளைக்குப் பிரிச்சாப் போதும்."

சும்மா கிடக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவர் காத்திருந்தார். அதன் பிறகு சிரித்தார். நான் தண்ணீர்ப் பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, முதல் மூலைக்குப் போய் முளையை ஆட்டிப் பிடுங்கினேன், பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. நான்காவது பாறையில் இறங்கியிருந்தது, அதற்கு மட்டும் மண்வெட்டியை எடுத்தேன். அவர் மேல் மண்வெட்டியை ஓங்கியதாகப் புகாரில் இருக்கிறதாம். ஓங்கவில்லை. நான் மண்வெட்டியோடு நடந்தபோது அவர் பின்னால் நகர்ந்தார், அது அவராகச் செய்தது. முளைகளை அடுப்பில் வைத்துத் தீ மூட்டித் தேநீர்த் தகரத்தை மேலே மாட்டினேன். மூன்று முளைகள் காய்ந்த மல்கா மரம், நன்றாக எரிந்தன. ஒன்று பச்சை, புகைந்தது. அந்தத் தேநீரைக் குடித்தேன்.

பிடுங்கியது நான்தான். எரித்தது நான்தான். கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு ஹாலரன் எங்கள் தகரத் தட்டையே எடுத்து, கல்லால் அடிக்க ஆரம்பித்தார். தட்டுச் சத்தம் கேட்டால் மேட்டில் உள்ள எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நியாயம் கேட்க வேண்டும் என்பது வழக்கம். எல்லாரும் வந்தார்கள். சுற்றி நின்றார்கள். நான் பார்த்ததெல்லாம் பூட்ஸ்கள்தான்.

"ஜேபஸ் வண்டியேறுன நாள்லேருந்து இங்க ஒரு பிடி மண்ணு அசையல," என்றார் ஹாலரன். "தெனமும் நான் இந்த வழியாத்தான் போறேன். புழுதி கெளம்பிப் பாக்கல. இந்தப் பொண்ணு துணி துவைச்சுக் காயப்போட்டிருக்கும், மூணு பக்கமும் துணி, அதான் நான் கண்டது."

எங்களுக்கு அடுத்த துண்டில் வேலை செய்யும் ஓட்டோ லின்ட்னர்தான் முதலில் கேட்டார். முதல் நாள் என்னை எலிக்குட்டி என்று சொன்னவரும் அவர்தான்.

"துவைச்சாளா? என்னத்துல துவைச்சா?"

யாரோ சிரித்தார்கள்.

"இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்," என்றார் லின்ட்னர். "கிறிஸ்துமஸ்லேருந்து என் சட்டை தண்ணியப் பாக்கல. ராத்திரி அதக் கழட்டி நிறுத்திவெச்சா, அதுவே காவலுக்கு நிக்குது."

"தண்ணி விக்கிறவ நான்," என்றார் திருமதி பாஸ்கோ. "இந்தப் பொண்ணு வாங்குறது குடிக்கவே பத்தாது. டூலி மேட்டுல துணி துவைக்கிற சீமாட்டி யாருன்னு காட்டு டென்னிஸ், நான் போய்க் கும்பிட்டுக்குறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஹாலரன் சிவந்துபோனார்.

"சரி, துவைக்கல. அப்ப அந்தத் துணிக்குப் பின்னால என்ன பண்ணா? தூங்குனாளா? அவளே சொல்லட்டுமே. சொல்லு பாப்பா!"

சிரிப்பு நின்றது. "வாயத் தொறம்மா" என்று யாரோ நல்லபடியாகவே சொன்னார்கள். எனக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நின்றதுபோல் நின்றேன். அங்கே உட்காரச் சொல்வார்கள், இங்கே யாரும் சொல்லமாட்டார்கள் என்பது தெரிந்தது. அதனால் நான் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். மூன்று பக்கத் துணியும் கீழே விழுந்தது. தொட்டியில் மண்ணைப் போட்டேன், கைப்பிடியைப் பிடித்தேன், ஆட்டினேன். அவர்கள் நின்ற பக்கம்தான் காற்று அடித்தது. நான் அதை முன்கூட்டிக் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை என்று எழுதமாட்டேன். எல்லாரும் இருமினார்கள், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்கள், ஆனால் யாரும் நகரவில்லை. என் கையும் நிற்கவில்லை.

தொட்டி காலியானதும் சட்டங்களின் பின்னால் இருந்ததை வழித்தேன். தட்டு ஹாலரன் கையில் இருந்தது. நான் கையை நீட்டினேன். அவர் கொடுத்தார். போட்டு, சாய்த்து, ஊதினேன். வால் நின்றது. அதன் நுனியில் அவரை விதை அளவுக்கு ஒரு கட்டியும் இருந்தது. அது என் அதிர்ஷ்டம், அதை வேலை என்று சொல்லமாட்டேன். வாலை வேலை என்று சொல்வேன். லின்ட்னர் குனிந்து வெகு நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஹாலரன், துணி நல்லாக் காஞ்சிருக்குப்பா" என்றார்.

அதன் பிறகும் அது தீரவில்லை. இவளிடம் பொன் தேட அரசாங்கம் தரும் சுரங்கச் சீட்டு இல்லை, சீட்டு இல்லாதவள் ஆட்டினால் அது வேலையில் சேராது என்று ஹாலரன் பக்கம் சிலர் பேசினார்கள். வேலையாளுக்குச் சீட்டு தேவையில்லை, அவன் செய்தால் எஜமான் செய்ததாகத்தானே கணக்கு என்று லின்ட்னர் கேட்டார். "வேலையாள் வேற, சமையக்காரி வேற" என்றார் ஹாலரன். கை தூக்கச் சொன்னபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்தது. ஆகவே விஷயம் கான்ஸ்டபிளிடம் வந்தது. அவர் இந்தத் தாளைக் கூல்கார்டி சுரங்க நீதிபதிக்கு அனுப்புவார். நீதிபதி என்னையும் பார்க்கப்போவதில்லை, பெட்டியையும் பார்க்கப்போவதில்லை, தாளைத்தான் பார்ப்பார் என்று கான்ஸ்டபிள் சொன்னார். எனக்கு அது சௌகரியம்.

சாமான் வண்டிக்காரர் சனிக்கிழமை அப்பாவிடமிருந்து செய்தி கொண்டுவந்தார். அவருக்குக் காய்ச்சல் இறங்குகிறதாம், ரொட்டி கேட்கிறாராம். துருத்தித் தோல் வெடிக்கும் நிலையில் இருந்தது, பார்த்துக்கொள் என்றாராம்.

இதில் நான் பிறர் சொல்லக் கேட்டு எழுதியது அப்பாவின் செய்தியும், மண்வெட்டியைப் பற்றிப் புகாரில் உள்ளதும், ஹாலரனின் நிலத்தைப் பற்றிய பேச்சும் மட்டும். மற்ற எல்லாம் நான் கண்டது, நான் செய்தது, உண்மை. ஆனால் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. எழுதத் தொடங்கும் முன் கான்ஸ்டபிள் எழுதியதை வாசித்துப் பார்த்தேன். அதில் என் பெயர் சரி, வயது சரி, ஊர் சரி. தொழில் ஏதுமில்லை என்று இருப்பது சரியல்ல. நீதிபதி முதலில் அந்த வரியைத்தான் வாசிப்பார். அதைத் திருத்தினால் கையெழுத்துப் போடுகிறேன்.

கெசாயா ட்ரெம்பாத்திடமிருந்து மேற்படி தாளை வாங்கி வாசித்தேன். துருத்தியில் உள்ள ஒட்டுத் தோலையும் அவருடைய வலது பூட்ஸையும் நேரில் பார்த்தேன், இரண்டும் ஒரே தோல். எந்தத் தொழில் என்று எழுத வேண்டும் எனக் கேட்டேன். தாளில் எழுதிக் காட்டும்படி பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை. வாயால் சொன்னார். கூடாரத்துக்கு வெளியே நின்றிருந்த ஹாலரனுக்கும் அது கேட்டது. முதல் பத்தியில் "தொழில் ஏதுமில்லை, தகப்பனுக்குச் சமைத்துப்போட வந்தவர்" என்பது அடிக்கப்பட்டு, அவர் சொன்னபடியே "தொழில்: பொன் தூற்றுதல்" என்று எழுதப்பட்டது. எ. வி., கான்ஸ்டபிள்.

(ஒப்பம்) கெசாயா ட்ரெம்பாத்