மாப்பிள்ளையின் ஹெட்லைட்

டீயை ஆறவிட்டுவிடாதீர்கள். என் மனைவி போடும் டீ ஆறினால் கஷாயம் ஆகிவிடும். நாற்காலியையும் நிழல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் ஏனோ வெயிலில் நின்றபடியே பேசுகிறார்கள்.

நொறுங்கிய பிக்கப்பின் பானெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னீர்கள். "ஓனரே அரைகுறையா கைவச்சிருக்கார்." அதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று உங்களை உட்காரச் சொன்னேன்.

என் மாப்பிள்ளை அந்த வண்டியை வாங்கியபோதே அது நாலு கை மாறியிருந்தது. ஒவ்வொரு கையும் வயரிங்கில் தன் கைவரிசையைக் காட்டியிருந்தது. சிவப்பு வயர் பாதி வழியில் பச்சையாகும். பச்சை எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. நான் பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வண்டியை ஒழுங்கு செய்து கொடுத்தது நான்தான். மகளும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டு மாடியிலேயே இருந்தார்கள். காலையில் அவள் படியிறங்கி வரும் செருப்புச் சத்தத்தில்தான் எனக்குப் பொழுது விடியும்.

ஒரு நாள் சாப்பிடும்போது மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, மலைக்கு அந்தப் பக்கம் பேக்கரிக்காரர் கூப்பிடுறார். விடியறதுக்குள்ள ரொட்டி ஏத்தி கடைகளுக்குப் போடணும். பேக்கரிக்கு மேலயே வீடும் தர்றாராம்."

"நல்ல விஷயம்தானே மாப்ள" என்றேன்.

என் மனைவி, "போய் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். அவள் மனசு எவ்வளவு உடைந்திருக்கும் என்பது எனக்குத்தான் தெரியும். அன்றைக்குப் படுத்தவுடன் குறட்டை விட்டாள். துக்கத்தில் சிலர் அப்படித் தூங்குவார்கள். அவளுக்காகத்தான் நான் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

பேக்கரிக்காரர் முதலில் வெள்ளோட்டமாக ஒரு நடை வரச் சொல்லியிருந்தார். இருட்டில் ஓட்டும் வேலை என்பதால் ஹெட்லைட் எரியாத வண்டிக்கு அங்கே இடமில்லை. இதில் யாருக்கும் அடிபட வாய்ப்பே இல்லை, பாருங்கள். லைட் எரியாத வண்டியை யார் வெளியே எடுப்பார்கள்?

ஹெட்லைட்டின் எர்த் வயர் வண்டி உடம்பில் ஒரு திருகாணியால் பிடித்திருக்கும். அதைக் கழற்றி, அடியில் மகளுடைய நெயில் பாலிஷைத் தடவி, காய்ந்ததும் முன்போலவே முடுக்கினேன். நிறமில்லாத பாலிஷ். பார்த்தால் எல்லாம் சரி. கரண்ட் மட்டும் போகாது.

மாப்பிள்ளை போன் வீடியோ பார்த்து வேலை கற்றுக்கொள்பவர். பல்பை மாற்றினார். ஃபியூஸை மாற்றினார். லைட்டுக்குக் கரண்டைத் திறந்து மூடும் ரிலேயைப் புதிதாக வாங்கிப் போட்டார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"மாமா, நீங்க ஒரு பார்வை பாருங்களேன்."

"கண்ணு முன்ன மாதிரி இல்ல மாப்ள. நீங்களே பண்ணுங்க. கத்துக்கிட்ட மாதிரியும் இருக்கும்."

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த என் மகள், "ரெண்டு பேருக்குமே கண்ணு தெரியல, வண்டிக்கு மாலைக்கண் வந்தா மட்டும் குத்தமா?" என்றாள். நாங்கள் மூவரும் சிரித்தோம். அந்த மாதிரிச் சாயங்காலங்களை நான் இழக்க விரும்பவில்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

வெள்ளோட்ட நாள் போய்விட்டது. பேக்கரிக்காரர் பெருந்தன்மையாக இன்னொரு நாள் கொடுத்தார். அதற்குள் மாப்பிள்ளை எந்த வீடியோவிலோ பார்த்து எர்த் திருகாணியைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துவிட்டார். லைட் பளீரென்று எரிந்தது.

எனவே வேறு இடத்துக்குப் போனேன். வயரின் மேல் தோலைக் கீறாமல், வளைவில் வைத்து முன்னும் பின்னும் மடக்கி, உள்ளே உள்ள செம்பு இழைகளை ஒவ்வொன்றாக அறுத்தேன். ஒரே ஒரு இழையை விட்டு வைத்தேன். அதில் ஒரு அழகு இருக்கிறது. பல்பைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் முழு வோல்ட் காட்டும். பல்பை மாட்டினால் அந்த ஒற்றை இழையால் பாரம் தாங்க முடியாது; பல்பு மின்மினி மாதிரி முழிக்கும். வீடியோ பார்த்துக் கற்றவர்கள் எல்லோரும் வெறும் வயரில்தான் மீட்டர் வைப்பார்கள். மாப்பிள்ளையும் அப்படித்தான் வைத்தார். மீட்டர் சரியென்றது, பல்பு இல்லையென்றது. பாவம், இரண்டுக்கும் நடுவில் மண்டையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

ஆனால் கண்டுபிடித்துவிட்டார். பல்பை எரியவிட்டுக்கொண்டே வயர் வழியாக அங்குலம் அங்குலமாக மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் மகள் ஒன்றும் மண்ணாங்கட்டியைக் கட்டிக்கொள்ளவில்லை. "பிரமாதம் மாப்ள" என்று முதுகில் தட்டினேன். மனசாரத்தான் தட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் கிளம்ப வேண்டும். மத்தியானம் அவர் குளிக்கப் போனபோது ரிலே உட்காரும் சாக்கெட்டுக்குள் ஊசியை விட்டு, ரிலேயின் பின்னைக் கவ்விப் பிடிக்கும் தகட்டை ஒரு மயிரிழை விரித்துவிட்டேன். வாசலில் லைட் எரியும். தட்டிப் பார்த்தாலும் எரியும். சக்கரம் ஒரு நல்ல பள்ளத்தில் இறங்கினால்தான் அணையும். எங்கள் தெருமுனையில் அப்படி ஒரு பள்ளம் வருஷக்கணக்கில் இருந்தது. அங்கே அணைந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார், வந்து ஒரு வாய் டீ குடிப்பார் என்பது என் கணக்கு.

நான் தெருமுனைக்குப் போய் கொஞ்ச நாளாகியிருந்தது. அந்தப் பள்ளத்தை மூடிவிட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷம் மூடாதவர்கள் திடீரென்று மூடியதற்கு நான் பொறுப்பாக முடியாது.

அடுத்த பள்ளம் மலைப்பாதையின் வளைவில் இருந்தது. அதற்குள் நன்றாக இருட்டியிருந்தது. வண்டி ஓடைக்குள் இறங்கி ஒரு பாறையில் சாய்ந்து நின்றது. காலில் எலும்பு முறிவு, உயிருக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை சொன்னார்: "ரிலேயை நான்தான் சரியா அழுத்தல போலிருக்கு மாமா."

"விடுங்க மாப்ள. யாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன்.

இப்போது நீங்களும் அவரைத்தான் சொல்கிறீர்கள். அவர் கைவைத்த இடங்களையெல்லாம் போய்ப் பாருங்கள்: டேப் சுற்றியிருப்பதே பல்வலிக்காரன் தலைக்கட்டு மாதிரி இருக்கும். அந்த சாக்கெட்டில் ஒரு கீறல் இருக்கிறதா? அதை அரைகுறை என்று எழுதுவது நியாயமில்லை. நான் செய்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். இதனால் பணம் கிடைக்காமல் போனால் போகட்டும்.

நீங்கள் டீயைத் தொடவே இல்லை.

உள்ளே கேட்கிறதே, "நண்பர்களே" என்று ஒரு குரல், அது மாப்பிள்ளையின் போன். கட்டுப் போட்ட காலை என் சாய்வு நாற்காலியில் நீட்டிக்கொண்டு நாள் முழுக்க வீடியோதான். என் மகள் இங்கே இல்லை. விபத்துக்குப் பிறகு பேக்கரிக்காரர் போன் செய்து, "டிரைவர் வேற பாத்துக்கறேன், கல்லாவுக்கு ஆள் வேணும், நீ வர்றியாம்மா?" என்று கேட்டார். குடும்பம் நடக்க வேண்டுமே என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். கால் கூடியதும் இவரும் அங்கே போய்விடுவார். அதுவரை எனக்கு மிச்சம் இவர்தான்.

ஆனால் நேற்று அவள் போன் செய்தாள். அங்கே ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாளாம். "லைட் விட்டு விட்டு எரியுதுப்பா. இங்க எவன்கிட்டயும் குடுக்க எனக்கு நம்பிக்கை இல்ல. நீயே பாத்துக் குடு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டி வரச் சொல்லியிருக்கிறேன். வண்டியை நான் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஆனால் வேலை கொஞ்ச நாள் இழுக்கும் என்று தோன்றுகிறது.